பத்மா அக்காவின் வேனும் ஒரு வெண்கட்டிக் கோடும்

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விரல்கள் ஸ்பனர் பிடித்தே பழகியதால் பேனாவையும் அப்படித்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. தாள் சில இடங்களில் கிழிந்திருக்கிறது. எங்கே ‘ள’, எங்கே ‘ழ’ என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்தான். பிழைகளைத் தான் திருத்திக்கொள்வதாகப் பர்ஹானா சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

பர்ஹானா என்பவர், கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த கராஜின் முதலாளி மஜீத் நானாவின் மகள். இப்போது கராஜை அவர்தான் நடத்துகிறார். போன மாதம் தரை முழுவதும் வழுவழுப்பான சாம்பல் நிறப் பூச்சுப் போட்டார்கள். மிகவும் அழகாக இருக்கிறது. ஒயில் சிந்தினால் ஒரு துடைப்பில் போய்விடும். அந்த வேலையின்போது சுவரில் தொங்கிய பழைய பால்மா டின் ஒன்றைக் கழற்றினார்களாம். உள்ளே வெண்கட்டித் துண்டுகள். புதிதாக வந்த மெக்கானிக்மார், இங்கே என்ன முன்பு பள்ளிக்கூடமா நடந்தது என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்த வெண்கட்டி எதற்கென்று சொல்லும்படி பர்ஹானா என்னிடம் கேட்டார். பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

எனக்கு இன்னும் அறுபது வயதாகவில்லை. ஆனால் வாகனங்களுக்கு அடியில் வளைந்து வளைந்து முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. டொக்டர் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். கராஜுக்குப் போன புதிதில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். பிறகு பிரேக், பிறகு கிளச், கடைசியாக எஞ்சின். கற்றுக்கொண்ட காலம் அவ்வளவுதான். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன், கை பழகிவிட்டது. வாய்தான் கடைசிவரை பழகவில்லை.

மஜீத் நானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முஸ்லிம் வழக்கில் நானா என்றால் அண்ணன். கட்டம் போட்ட சாரம், தோளில் ஒரு துணி, சட்டைப் பையில் சின்ன டோர்ச். வாகனத்துக்கு என்ன கோளாறு என்று கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். முதலில் கை கழுவுவார். பிறகு ஒரு ப்ளேன்டீ வாங்கி வரச் சொல்லி, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாகனத்தைச் சுற்றி நடப்பார். டீ முடியும்வரை யாரும் எதையும் கழற்றக் கூடாது. முடிந்ததும் வாகனக்காரரைக் கூப்பிட்டு, டோர்ச்சை அவர் கையில் கொடுத்து, அடியில் குனிந்து அவரையே பார்க்கச் சொல்வார். பெரிய மனிதர்கள் சிலர், உடுப்பு அழுக்காகும் என்று தயங்குவார்கள். தோளில் இருக்கும் துணியை எடுத்துத் தரையில் விரித்துக் கொடுப்பார். கோளாறைக் கண்ணால் பார்க்காதவருடைய வாகனத்தில் ஒரு ஆணியைக்கூட அவர் திருகியதில்லை.

இன்னொன்று, மற்றக் கராஜ்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசமாட்டார். வாகனக்காரர் திட்டத் தொடங்கினால், “அவங்க பார்த்த நேரம் அப்பிடி இருந்திருக்கும்” என்று முடித்துவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு புதுச் சட்டம் சொன்னார். ஒரு வாகனத்துக்கு என்ன வேலை என்று தீர்மானித்த பிறகு, யாருக்காவது அது சரியில்லை என்று பட்டால் வாய் திறக்கத் தேவையில்லை. டின்னில் வெண்கட்டி இருக்கிறது. அந்த வாகனத்தின் முன் சில்லுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டால் போதும். யார் போட்டது என்று கேட்கமாட்டார். கோடு இருக்கும்வரை பெரிய வேலை எதுவும் நடக்காது. திரும்பவும் பார்ப்போம். சந்தேகம் தீர்ந்ததும் ஈரத்துணியால் கோட்டை அவரே துடைப்பார்.

நிமல் பாஸுக்கு இது பெரிய பகிடி. மெக்கானிக்மாரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நிமல் பாஸ் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், சிங்கள ஆள், தமிழைத் தன் விருப்பப்படி பேசுவார். என்னைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்பார். கோடு விழுந்த நாட்களில் என் பக்கம் திரும்பி, “மல்லி, இந்தக் கராஜ்ல ஒரு பேய் இருக்கு. படிக்காத பேய். எழுதத் தெரியாது, கோடு மட்டும் போடும்” என்பார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். நான் போடாத கோடுகளும் இடைக்கிடை விழும். என்னைப் போல இன்னும் யாரோ ஒருவர் இங்கே இருக்கிறார் என்று எனக்கு அது ஒரு ஆறுதல்.

அந்தக் கோட்டால் நடந்தவற்றில் பெரிது பத்மா அக்காவின் வேன்.

பத்மா அக்கா வெள்ளவத்தையில் இருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தானே ஓட்டுவார். முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் பழைய மாதிரி வேன். கொஞ்ச நாளாக அது ஒயில் ஒழுகியது. நிறுத்திய இடத்திலெல்லாம் கறுப்பு வட்டம் விழுந்தது. அவருடைய பக்கத்துக் கராஜில் காட்டியிருக்கிறார். எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பொக்ஸோடு சேரும் இடத்தில் ஒயிலைத் தடுக்கும் வட்டமான றப்பர் சீல் ஒன்று இருக்கும். அது போய்விட்டது என்று கியர்பொக்ஸை இறக்கி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் திரும்பவும் ஒழுகியது. அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது, சீல் உட்காரும் இடமே தேய்ந்துவிட்டது, எஞ்சினும் முடிந்துவிட்டது, வேறு எஞ்சின்தான் போட வேண்டும் என்று.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கவிருந்தது. அன்று வேன் ஓடாவிட்டால் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் வேறு வேன் பார்த்துவிடுவார்கள். ஒருமுறை போன பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். இதை எங்களிடம் சொல்லும்போது பத்மா அக்கா அழவில்லை. வேன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“எனக்கு எஞ்சினைப் பற்றி ஒண்டும் தெரியாது நானா. ஆனா இந்த வேன் என்னை ஒரு நாளும் றோட்டில விட்டதில்லை. அது முடிஞ்சுபோச்செண்டு அந்தக் கராஜில அவை சொல்ல எனக்கு நம்ப ஏலாமக் கிடக்கு.”

நானா டீயோடு சுற்றினார். அடியில் படுத்துப் பார்த்தார். கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் இருந்துதான் சொட்டியது. புதுச் சீல் போட்டும் ஒழுகுகிறது என்றால் அந்தக் கராஜ் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்றார். நிமல் பாஸும் அதையே சொன்னார். பத்மா அக்கா டோர்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தார், தலையசைத்தார். வெள்ளிக்கிழமை எஞ்சினை இறக்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு எஞ்சின் ஏற்றுவதாகத் தீர்மானம். தெரிந்த கடையில் எஞ்சினுக்கும் சொல்லியாயிற்று.

வெள்ளி காலையில் அந்த வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்தியவன் நான். சாவியைத் திருப்பியதும் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. பின்னால் போய்ப் பார்த்தேன். சைலன்சரில் புகை இல்லை. முடிந்துபோன எஞ்சின் புகைக்கும், காலையில் ஸ்டார்ட் பண்ண அடம்பிடிக்கும். இது இரண்டும் செய்யவில்லை. பிறகு சீட்டைத் தூக்கினேன். ஒயில் அளவு பார்க்கும் கம்பி, அதன் ஓட்டையில் இருந்து ஒரு விரல் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. அமுக்கிவிட்டேன். ஸ்டார்ட்டிலேயே விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் திரும்பவும் எழும்பியிருந்தது. உள்ளே இருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது.

நானா தீர்மானித்துவிட்டார், எஞ்சினுக்குச் சொல்லியும் ஆயிற்று. நான் நினைத்தது பிழையாக இருந்தால் அந்த ஒரு நாள் வீணாகும், திங்கட்கிழமை பத்மா அக்காவுக்கு வேன் இல்லை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு டின்னுக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். நானா ஜும்ஆவுக்குப் போக வெள்ளைச் சாரம் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் போனதும் கோட்டைப் போட்டேன்.

அவர் பள்ளிவாசலில் இருந்து திரும்பியபோது நிமல் பாஸ் கோட்டைப் பகிடியாக எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குச் சங்கிலியே மாட்டிவிட்டிருந்தார். நானா கோட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

“சங்கிலியக் கழட்டுங்க நிமல்.”

“நானா, இது பேயோட வேலை.”

“பேய்க்கும் சந்தேகம் வரலாம்தானே. கழட்டுங்க.”

பிறகு செய்ததை அப்படியே எழுதுகிறேன், புதியவர்களுக்கு உதவும். எஞ்சினை மேலிருந்து கீழ்வரை மண்ணெண்ணெயால் கழுவினோம். காற்றடித்துக் காயவைத்தோம். பழைய ஒயில் ஒரு பொட்டும் இருக்கக் கூடாது. ஒயில் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். அதனால் சொட்டும் இடம் ஒன்றாகவும் கசியும் இடம் வேறாகவும் இருக்கலாம். காய்ந்ததும் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினோம். பத்மா அக்காவை வரவழைத்து, அவரையே ஓட்டச் சொன்னார் நானா. தினமும் ஓட்டுகிறவர் ஓட்டினால்தான் தினமும் ஒழுகுவது போல ஒழுகும் என்பது அவருடைய கணக்கு. அவர் முகத்துவாரம்வரை போய்த் திரும்பினார்.

வேனுக்கு அடியில் எல்லோரும் குனிந்தோம். மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. பின்பக்கம், கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு ஈரம். அந்தச் சீல்தான். வேறெங்கும் இல்லை.

“அப்ப அவை சொன்னது சரிதானே” என்றார் பத்மா அக்கா. அந்தக் குரலைக் கேட்டபோது நான் ஏன் கோடு போட்டேன் என்று இருந்தது. நிமல் பாஸ் சங்கிலியைக் கையில் எடுத்தார்.

நானா துணியை நனைத்துக்கொண்டு கோட்டைத் துடைக்கக் குனிந்தார். எனக்கு வாய் வரவில்லை. காலை மட்டும் எடுத்துக் கோட்டின்மேல் வைத்தேன். அப்படிச் செய்ய நினைத்துச் செய்யவில்லை, கால் போய்விட்டது. நானா குனிந்தபடியே என் செருப்பைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. துணியைத் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டு, கோட்டைப் பார்த்தே பேசினார்.

“எங்கே இருந்து ஒழுகுதுன்னு பவுடர் சொல்லிட்டுது. ஏன் ஒழுகுதுன்னு இன்னும் ஒத்தரும் சொல்லல்ல. அப்பிடித்தானே?”

தலையாட்டினேன்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே ஓட்டையின்மேல் சும்மா வைத்தார். சுகமான எஞ்சின் என்றால் அது அங்கேயே இருக்கும், லேசாகத்தான் நடுங்கும். இதுவோ கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி மாதிரிக் குதித்து, உருண்டு கீழே விழுந்தது. எஞ்சினுக்குள் அவ்வளவு காற்று அடைந்திருந்தது. அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல், இருப்பதில் பலம் குறைந்த இடமான சீலைத் தள்ளுகிறது. எத்தனை சீல் மாற்றினாலும் அது தள்ளும்.

ஆனால் தேய்ந்த எஞ்சினிலும் மூடி இப்படித்தான் குதிக்கும். நிமல் பாஸ் அதைச் சொன்னார், நியாயமான பேச்சு. நான் சைலன்சரைக் கையால் காட்டினேன். அப்போதும் புகை இல்லை.

எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற மேலே ஒரு குழாய் உண்டு. அது காற்றை வடிகட்டும் பெட்டிக்குப் பின்னால் மறைவாகப் போகும். கண்ணுக்குத் தெரியாததால் விரலால் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கம்பனி சுற்றியது போல அவ்வளவு நேர்த்தி. முதலில் பார்த்த கராஜ் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. அந்த இடத்தை அமுக்கினேன். குழாய் மெத்தென்று இருக்க வேண்டும், இது கல் மாதிரி இருந்தது.

இனிக் கோடு உதவாது, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். தெரியாத ஒரு பெண்ணிடம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே போய்க் கேள்வி கேட்டது என் நினைவில் அதுதான் முதல் தரம்.

“அக்கா, வேனுக்குள்ள புகை மணம் ஏதும் வந்ததா?”

“ஓம் தம்பி, முந்தி வந்தது. இப்ப இல்லை.”

“எப்பிடி நிண்டது?”

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சொன்னார். முன் சீட்டில் ஏறும் சின்னப் பெடியன் ஒருவன், தினமும் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் சத்தி எடுப்பானாம். மற்றப் பிள்ளைகளுக்கும் தலையிடி. எங்கிருந்து மணம் வருகிறது என்று ஒரு நாள் சீட்டைத் தூக்கித் தேடியதில், அந்தக் குழாய் வெடித்திருந்ததாம்.

“நான்தான் அடைச்சனான். பழைய செருப்பில ஒரு துண்டு வட்டமா வெட்டி உள்ளுக்கு இறுக்கிப்போட்டு, டேப் சுத்திவிட்டனான். அதுக்குப் பிறகு பிள்ளையள் ஒருத்தருக்கும் சத்தி இல்லை. ஏன் தம்பி, அது பிழையோ?”

டேப்பை வெட்டினேன். ‘பொட்’ என்ற சத்தத்தோடு ஒரு நீல றப்பர் துண்டு தெறித்து வந்து நிமல் பாஸின் காலடியில் விழுந்தது. அவர் மூடியை எடுத்துத் திரும்பவும் அந்த வாயில் தலைகீழாக வைத்தார். அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. நிமல் பாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் ப்ளேன்டீயில் பாதியை என் கிளாஸில் ஊற்றினார். அவர் டீயைப் பங்கு போடுகிற ஆள் இல்லை.

பத்மா அக்கா வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனார். ஒழுகுகிறது என்று கேட்டவர்களிடம் ஒழுகுவதைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறார். மணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தக் கராஜை அவர் திட்டத் தொடங்கியபோது நானா தடுத்தார்.

“அவங்க பொய் சொல்லல்ல மகள். சீல்லதான் ஒழுகிச்சு. பாதியக் கண்டுட்டு முழுசுன்னு நெனச்சிட்டாங்க. நானும் அதத்தானே செஞ்சேன்? நீங்க பிள்ளைகளுக்காகச் செஞ்சதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வெடிச்ச குழாய மாத்தணும், அடைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு ஈரத்துணியை எடுத்துக் குனிந்து கோட்டைத் துடைத்தார். எஞ்சின் கடைக்கு அவரே நேரில் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை கியர்பொக்ஸை இறக்கி, காற்றுத் தள்ளி வாய் பிரிந்திருந்த சீலை மாற்றி, புதுக் குழாய் போட்டோம். மூடியை வைத்துப் பார்த்தோம், பவுடர் போட்டும் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை அந்த வேன் ஓடியது. சின்னப் பெடியனுக்குச் சத்தி இல்லை என்று பத்மா அக்கா போன் பண்ணி நானாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த எஞ்சினோடேயே இன்னும் பல வருடம் ஓட்டினார். தைப்பொங்கலுக்குக் கராஜ் முழுவதற்கும் பொங்கல் அனுப்புவார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நானா அதில் பேரீச்சம்பழம் போட்டு அனுப்புவார்.

இவ்வளவோடு முடித்திருப்பேன். ஆனால் புதுத் தரையைப் பார்க்கப் போன அன்று நிமல் பாஸும் வந்திருந்தார். அவரும் இப்போது ஓய்வுதான். இரண்டு பேரும் வாசலில் நின்றோம். இனி இதில் கோடு போட முடியாது என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“மல்லி, அந்தச் சட்டம் யாருக்கு என்று நினைச்சது?”

எல்லோருக்கும்தானே என்றேன்.

“எனக்கு வாய் இருக்கு. அங்க எல்லாருக்கும் வாய் இருந்திச்சு, அதும் பெரிய வாய். நாங்க ஒருத்தரும் ஒரு நாளும் கோடு போட்டது இல்ல.”

நான் போடாத கோடுகளும் இருந்தனவே, அவை யார் போட்டது என்று கேட்டேன்.

“நானா போட்டது. எல்லாரும் வர முந்தி வந்து போடுவார். உன் கோடு மட்டும் இருந்தா உனக்கு வெக்கமா இருக்கும், அதுக்கு. எங்களுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல வேணாம் என்று நானா சொல்லி இருந்திச்சு.”

அன்றே நானாவைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, காதும் மந்தம். கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் டீ கொண்டுவரச் சொன்னார். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். சொல்ல வந்ததைச் சொல்ல வரவில்லை. வேலை செய்த காலம் போலவே இருந்துவிட்டு, டீ முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

பர்ஹானா, பிழைகளைத் திருத்திய பிறகு இதை வாப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கீழே என் பெயரை எழுதவில்லை. கோட்டுக்குக் கீழேயும் எழுதியதில்லை. யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை,
2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.